மச்சான் முடுக்கிய மரை

முள் அசையவில்லை. கொஞ்சம் அசைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று பூபதிக்குத் தோன்றியது. ரேடியேட்டரின் வாயில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பைத் திருகி, அமுக்கி அமுக்கி, எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சை நிறக் கூலன்ட்டைச் சந்துபொந்தெல்லாம் நெருக்கித் தள்ளிவிட்டு, இப்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பம்பின் தலையிலிருந்த வட்ட மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்காவது கசிந்தால் முள் இறங்கும். இறங்காவிட்டால் கசிவில்லை. கசிவில்லாவிட்டால் நாளை விடியற்காலை, காற்று கிளம்புவதற்கு முன்னால், பூபதி தானே கட்டிய இந்த ஒற்றை ஆள் விமானத்தில் ஏறி, மூடிக்கிடக்கும் மில்லின் பழைய ஓடுதளத்தில் ஓடவிட்டு முதல் தடவையாக மேலே தூக்குவான். அவ்வளவுதான் கணக்கு. வெளியே கணவாய்க் காற்று பல்லடத்துக் கோழிப்பண்ணை வாடையை அள்ளிக்கொண்டு வந்து தகரக் கூரையை அறைந்தது. ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் விழும் அமைதியில், எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் வீட்டுக்காரர் அர்த்தநாரி வறுத்த கடலையை உடைக்கும் சத்தம் கேட்டது. கடலைத் தோலை அவர் கீழே போடவில்லை, வேட்டி மடிப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுத்தமாக இருக்கிற மனிதர் மற்றதிலும் சுத்தமாகத்தானே இருப்பார் என்று பூபதி நினைத்தான். உடனே, சுத்தத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்தான். “நிக்கிது பாத்தியா மாப்ள. நட்டு வெச்ச கல்லாட்ட நிக்கிது.” “ஆமாங் மச்சான்.” “அப்பறம் ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கற? எஞ்சினு பயந்துக்கப் போவுது.” பூபதி சிரித்தான். சிரித்துவிட்டு மீட்டரின் கண்ணாடியை நகத்தால் தட்டினான். முள் சும்மா சிலிர்த்து அதே இடத்தில் நின்றது. தட்டியதை மச்சான் பார்த்தாரா? பார்த்திருப்பார். அவர் கடலையைப் பார்ப்பது போலத்தான் இருந்தது, ஆனால் முப்பது வருஷமாகப் பம்புசெட் கம்பெனி நடத்துகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவன் விரல் எங்கே போகிறது என்பது தெரியாமலா இருக்கும்.

எல்லாம் அந்த அடாப்டரால் வந்தது. கட்டைவிரல் நீளம்கூட இருக்காத ஒரு அலுமினியத் துண்டு. எஞ்சின் ஜப்பான் காரிலிருந்து கழற்றியது; பிஸ்டன் கிடையாது, வயிற்றுக்குள் மூன்று மூலையுள்ள சுழலிகள் உருண்டுகொண்டே இருக்கும். “பிஸ்டனில்லாம எஞ்சினா? நல்லா விசாரிச்சுத்தான் வாங்குனியா மாப்ள?” என்று பெட்டியைப் பிரித்த அன்றே மச்சான் கேட்டார். காருக்குப் பிறந்த எஞ்சின் என்பதால் கூலன்ட் போய்வரும் வாய்கள் காரின் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. விமானத்தின் மூக்குக்குள் அந்தத் திசையில் ஹோஸை வளைக்க இடமில்லை. வெளிநாட்டில், வின்னிப்பெக்கில் வேலையில் இருக்கும்போதே பூபதி பழைய வாயை அடைத்துப் பக்கவாட்டில் புது வாய் துளைத்து அதில் அமெரிக்க மரை, அதாவது அமெரிக்க அளவில் திருகுப் பல், வெட்டிக் கொண்டுவந்திருந்தான். ஹோஸின் முனையில் இருப்பது வரவழைத்த நீல ஃபிட்டிங். இரண்டுக்கும் நேராக ஒட்டாது. ஒட்டவைப்பதற்குத்தான் அடாப்டர், அதை மச்சானின் கம்பெனி லேத்தில் கடைந்தார்கள். சந்தேகம் அங்கேதான் முளைவிட்டது. கோயமுத்தூரில் ஓடுகிற அத்தனை பம்புக்கும் குழாய்க்கும் இங்கிலீஷ் மரை. பட்டறைக்குப் பட்டறை மரை வெட்டும் டை எல்லாம் இங்கிலீஷ் டைதான். ‘அரை இஞ்ச் மரை’ என்று சொன்னால் எந்த மரை என்று யாரும் கேட்கமாட்டார்கள், வேறொன்று உலகத்தில் இருக்கிறதென்றே நினைக்கமாட்டார்கள். வேறாக இருந்துவிட்டால் மாட்டவே மாட்டாமல் போயிருக்குமே என்றால், அதுதான் இல்லை. அரை இஞ்சில் இரண்டு மரைக்கும் பல்லின் நெருக்கம் ஒன்றே. பல்லின் சாய்வு மட்டும் இம்மி வேறு. ஒன்றுக்குள் ஒன்றை விட்டால் முரண்டு பிடிக்காமல் போகும், போய் இறுகிக்கொள்ளும், கையால் பிடித்து உலுக்கினாலும் அசையாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மட்டும் திருகிக்கொண்டே மேலே ஏறும் ஒரு சந்து இருக்கும். முடுக்கும்போது தடவுகிற வெள்ளைப் பேஸ்ட் அந்தச் சந்தை அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினில், ஷெட்டின் நிழலில், பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து பார்த்தால் முள் அசையாது. பேஸ்ட் சூடேறி இளகி, எஞ்சின் உதற உதறப் பிதுங்கி வெளியே வருவதெல்லாம் மேலே போன பிறகு. ஆக, முள் அசையாமல் நிற்பது எதற்குச் சாட்சி? மரை சரி என்பதற்கா, பேஸ்ட் நல்ல பேஸ்ட் என்பதற்கா? பறப்பதற்கான அனுமதி விஷயமாகப் பூபதி சென்னைக்குப் போயிருந்தபோது மச்சான் தன் கையாலேயே அடாப்டரை முடுக்கிவிட்டார். திரும்பி வந்தபோது மரை உள்ளே போய்விட்டிருந்தது. விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும், பால் குடித்த உதட்டைத் துடைக்காமல் விட்டது போல. “அமெரிக்க டை கெடச்சுதுங்ளா மச்சான்?” என்று கேட்டான். “அதெல்லாம் பாத்தாச்சு மாப்ள. ஒண்ணுமில்ல, நீ போய் நிம்மதியாத் தூங்கு.”

ஒண்ணுமில்ல. அந்தச் சொல்லை அவன் முன்பே அதே குரலில் கேட்டிருக்கிறான். அப்போது வின்னிப்பெக்கில் பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருந்தது, அடுப்பில் ஏதோ தாளிக்கப் போட்ட கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ‘அப்பாவுக்கு என்னங் மச்சான்’ என்று கேட்டபோது, ‘ஒண்ணுமில்ல மாப்ள, கொஞ்சம் சளி, ஆஸ்பத்திரில ரெண்டு நாள் வெச்சுப் பாக்கறாங்க, நீ அங்கிருந்து ஓடி வரோணும்னு இல்ல’ என்றார். அவன் ஓடி வரவில்லை. கடுகு கருகிவிட்டதே என்று வாணலியை இறக்கினான். அடுத்த தடவை போன் வந்தபோது பேசியது மச்சான் இல்லை, அக்கா கோகிலம். அவளும் பேசவில்லை, அழுதாள். அப்பாவுக்கு மூச்சுக் குழாய் போட்டிருந்ததும், வலது கை மட்டும் எதையோ தேடுவது போல மெத்தையைத் தடவிக்கொண்டே இருந்ததும் காரியத்துக்கு வந்திறங்கிய பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு துண்டாக வந்தன. ஏன் சொல்லவில்லை என்று அவன் மச்சானைக் கேட்கவில்லை. அவர் பொய்யர் இல்லை. பொய்யர் என்றால் எவ்வளவு சுலபம். அடுத்தவர் வயிறு கலங்கக் கூடாது என்று தானே விழுங்கிக்கொள்கிற ரகம். விழுங்கியதை முகத்தில் காட்டாமல் கடலை உரிக்கிற ரகம். டை கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார்? கடை கடையாக அலைந்திருப்பார். கிடைக்கவில்லை என்று இவனிடம் வந்து சொல்லியிருப்பாரா? ‘பையன் இத்தன வருஷமா ஆசையாக் கட்டிட்டிருக்கறான், இதுக்குப் போயி நாளத் தள்ளிப்போடறதா, இருக்கற மரைய நல்லாப் பேஸ்ட்டுத் தடவி முடுக்குனா நம்மூர்ப் பம்பெல்லாம் ஒழுகிட்டா இருக்குது’ என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொள்வது பூபதிக்கு அவருடைய குரலிலேயே கேட்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை, இவனாகத்தான் சொல்லவைத்தான். ஆனால் கேட்டுவிட்டதைக் கேட்கவில்லை என்று ஆக்க முடியுமா. இங்கிலீஷில் யோசித்தால் இதெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும்: சரிபார்க்கப்படவில்லை, கழற்று. வேலை நினைப்பெல்லாம் அவனுக்கு இங்கிலீஷில்தான் ஓடும். சந்தேகம் மட்டும் தமிழில் வந்தது. வரும்போதே அக்காவையும் அப்பாவையும் கல்யாணப் பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தது.

கல்யாணப் பந்தி சும்மா வரவில்லை. அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டு, அது வந்து சேர்வதற்குள் இலையை மடித்துவிட்டார். அதைப் பற்றிய பேச்சு பத்து வருஷம் ஓடியது. அப்பா தனியாகக் கார் எடுத்துக்கொண்டு போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தும் அடங்கவில்லை. ரசத்துக்கே அப்படி. வீட்டு மாப்பிள்ளை தன் கையால் முடுக்கிய ஒன்றை அவர் கண் முன்னாலேயே மச்சினன் ஸ்பேனர் போட்டுக் கழற்றினால் அதற்கு என்ன பெயர்? ‘உங்களை நம்பவில்லை’ என்று வாயால் சொல்வதைவிடப் பெரிது அது. வாயால் சொன்னதைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று திரும்ப வாங்கலாம். கழற்றிவிட்டால் கழற்றியதுதான். அவர் இல்லாத நேரத்தில் கழற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டிவிடலாம் என்று காலையில் ஒரு யோசனை வந்தது. வந்ததும் உடம்பு கூசியது, திருட்டுத்தனமாகச் செய்தால் விளிம்பின் வெள்ளைக் கோடு கலைந்திருப்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்றும் பயமாக இருந்தது. அப்போது ஷெட் கதவைக் காற்று பிடுங்கிக்கொண்டு திறந்தது. கோகிலம் ஒரு கையில் காப்பித் தூக்குப்போசியும் மறு கையில் பறக்கும் முந்தானையுமாக உள்ளே வந்து, இரண்டு பேரையும் பார்த்து, மீட்டரையும் பார்த்து, “இன்னும் இதையேதான் பாத்துட்டிருக்கறீங்களா? பாத்துட்டே இருந்தா முட்டை கிட்டை போடுமா?” என்றாள். “போட்டா உனக்குத்தான் அம்மிணி” என்றார் மச்சான். அவள் காப்பியை ஊற்றிக்கொண்டே அவரிடம், தம்பியிடம் இல்லை, அவரிடம் கேட்டாள்: “நாளைக்கு எல்லாம் செரியா இருக்குதுங்ளா?” அவர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “ஒண்ணுமில்ல, நீ போ” என்றார். சரியா என்று கேட்டதற்கு ஒண்ணுமில்ல என்று எதற்குப் பதில்? அந்த ஒரு வாய் காப்பிக்கு எதற்கு அவ்வளவு நேரம்? கோகிலம் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஆட்டலில் இருந்தது திருப்தியா, இதற்குமேல் கேட்க வேண்டாம் என்று இருவருக்கும் நடுவில் முன்பே பேசிவைத்த ஏதாவதா? இவன் உற்றுப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, “ஏன்டா பூபதி, புதுசாப் பாக்கறவனாட்ட பாக்கற?” என்றாள். “ஒண்ணுமில்லக்கா” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் போன பிறகும் கதவு அடங்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதிலிருந்தே இப்படித்தான் ஆகிவிட்டது. பாலை முகர்ந்து பார்க்கிறான், பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று எட்டிப் பார்க்கிறான், ‘தோ வந்துட்டனுங்’ என்கிற எலக்ட்ரீஷியனின் குரலுக்குப் பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுகிறான். அங்கே இருந்தபோது யாரையும் சந்தேகப்பட்டதில்லை. அங்கே யாரும் அவனுக்கு அவ்வளவு வேண்டியவர்களாக இல்லை என்பதாலும் இருக்கலாம். நாளை ஓடுதளத்தின் கடைசியில் தென்னந்தோப்பு. அதைத் தாண்டினால் மில்லின் புகைபோக்கி, அப்புறம் காற்றாலைகள், காற்றாலைகளுக்கு நடுவில் கோழிப்பண்ணைகளின் நீள நீளக் கூரைகள். தூக்கிய நொடியிலிருந்து தோப்பைக் கடந்து திரும்பி வருகிறவரை கீழே இறங்குவதற்கு ஒரு வயல்கூட இல்லை. முதலில் ஒரு இனிப்பு வாடை வரும், கூலன்ட் சூட்டில் ஆவியாகும் வாடை, பாகு காய்ச்சுவது போல. கண்ணாடியில் பொடிப்பொடியாகப் பச்சைத் துளி. வெப்ப மீட்டர் ஏறும். பிறகு, இது வேடிக்கை, சட்டென்று இறங்கும், ஏனென்றால் அளக்கிற இடத்தில் கூலன்ட்டே இருக்காது. இறங்கியதைப் பார்த்து முட்டாள் ஒருவன் நிம்மதிகூட அடைவான். அப்புறம் எஞ்சின் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். அந்த நேரத்தில், தோப்பின் தலைகள் பெரிதாகிக்கொண்டு வரும் நேரத்தில், தான் என்ன நினைப்பான் என்று பூபதிக்குத் துல்லியமாகத் தெரிந்தது: மச்சான் வருத்தப்படுவாரே என்று நினைப்பான். கீழே அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நிற்பார். ஆஸ்பத்திரியில் அக்காவிடம், ஒண்ணுமில்ல அம்மிணி, காலுலதான் அடி என்பார். இதை நினைத்ததும் பூபதிக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பாக முடியவில்லை. ஒரு மனிதரின் முகம் கோணக் கூடாது என்பதற்காகத் தன் முகத்தைத் தென்னை மரத்தில் கொண்டுபோய் மோதத் தயாராக இருக்கிறவன் மரியாதைக்காரனா, வெறும் கோழையா? முள் அசையவில்லை. “போதும் மாப்ள” என்று மச்சான் வேட்டி மடிப்பிலிருந்த தோலை வாளியில் உதறிவிட்டு எழுந்தார். “இதுக்கு மேல பாத்தா முள்ளுக்குக் கண்ணு பட்டுரும். மூடி போட்றலாம்.”

மூடி போட்டுவிட்டால் முடிந்தது. அவர் முதுகு காட்டி மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். பூபதி பம்பின் பக்கத்திலிருந்த திருகை இளக்கினான். உஸ்ஸென்று காற்று போனது, முள் படுத்துவிட்டது. அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். அதற்குப் பெயர் எதுவும் இல்லை. அடுத்துச் செய்வதற்குத்தான் பெயர். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். ஒன்றோடொன்று மோதி இரும்பு பேசிய சத்தத்தில் மச்சான் திரும்பினார். திரும்பியவர் அவன் கையைப் பார்த்தார், கை போகிற இடத்தைப் பார்த்தார். காற்றும் அந்த நேரம் பார்த்துக் கூரையை விட்டுவிட்டது. “மச்சான்,” என்றான் பூபதி, “நான் இதக் கழட்டிப் பாக்கறனுங்.” ஏதாவது கேட்பார் என்று நின்றான். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு முழுப் பொய் தயாராக இருந்தது, ஹோஸ் வளைவு, இடைஞ்சல், என்னவோ. அவர் கேட்கவில்லை. அவருடைய காது மடல் மட்டும் சிவந்தது. பெரிய முகத்தில் அந்தச் சின்ன இடம் மட்டும். குனிந்து, கடலைத் தோல் கிடந்த வாளியைத் தட்டிக் காலி செய்து, கொண்டுவந்து எஞ்சினுக்கு அடியில், ஒழுகப்போகிற இடத்துக்கு நேராக வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வடிகால் திருகைத் திறந்ததும் பச்சையாக வாளியில் கொட்டியது. அந்தச் சத்தம் அடங்குவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது, ஒரு ஆயுள் பிடித்தது. ஹோஸைக் கழற்றி ஒதுக்கி, ஸ்பேனரைப் போட்டு அமுக்கினான். அடாப்டர் இளகமாட்டேன் என்றது. அவ்வளவு நன்றாக முடுக்கியிருந்தார். பிறகு முனகிக்கொண்டு திரும்பியது.

பெட்ரோலில் நனைத்த துணியால் வெள்ளைப் பேஸ்ட்டைத் துடைத்தான். பல் தெரிந்தது. பாக்கெட்டில் காலையிலிருந்தே மரை அளக்கும் கேஜ் இருந்தது; விசிறி போல விரியும் தகடுகள், ஓரத்தில் ரம்பப் பல். அது பாக்கெட்டிலேயே இருந்தது என்பதையும் மச்சான் இப்போது பார்த்துக்கொண்டிருப்பார். அமெரிக்கத் தகட்டைப் பிரித்துப் பல்லின் மேல் வைத்து வாசல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். நடுவில் வெளிச்சம் வரவில்லை. திருப்பி வைத்தான். வரவில்லை. இங்கிலீஷ் தகட்டை வைத்துப் பார்த்தான். கீற்றுக் கீற்றாக வெளிச்சம் ஒழுகியது. மறுபடி அமெரிக்கத் தகடு. இருட்டு. அச்சாக உட்கார்ந்திருந்தது. எங்கே அலைந்து யாரிடம் கெஞ்சி அந்த டையை வாங்கினாரோ. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் பூபதிக்குக் கண் கூசியது. தப்பாக இருந்திருக்கலாமே என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நினைத்தான். “செரியா இருக்குதுங் மச்சான்.” “ம்.” “இல்லீங், நான் எதுக்குன்னா…” “பேஸ்ட்டு அந்தப் பக்கம் இருக்குது. தடவி மாட்டு. ராத்திரி பூராக் காயோணும்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தச் சாதாரணத்துக்குள் என்ன இருக்கிறது என்று துழாவிக்கொண்டே அவன் பேஸ்ட்டைப் பிதுக்கினான், தடவினான், எஞ்சின் வாயில் வைத்து விரலால் திருகினான், ஸ்பேனரால் முடுக்கினான். அவரா இதை அக்காவிடம் சொல்வார்? சொல்லமாட்டார், விழுங்கிக்கொள்வார். விழுங்கிக்கொண்டு இன்னும் முப்பது வருஷம் தன்னை மாப்ள என்று கூப்பிடுவார். அதைவிட நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலாம். முடுக்கி முடித்து நிமிர்ந்தபோது மச்சான் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கையை நீட்டினார். எதற்கென்று தெரியாமல் பூபதி துணியைக் கொடுத்தான். “துணி எதுக்கு? ஸ்பேனரக் குடு.” கொடுத்தான். “நான் மாட்டுனத நீ பாத்துட்ட. இப்ப இது நீ மாட்டுனது. இத ஆரு பாக்கறது?” இவன் வாயைத் திறப்பதற்குள் அவர் ஸ்பேனரைப் போட்டுவிட்டார். “கழட்டிப் பாக்கறேன் மாப்ள. கோவிச்சுக்காத.” கடைசி வார்த்தையில் கொஞ்சம் குத்தல், கொஞ்சம் சிரிப்பு.

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தான். ஆனால் அவர் கை ஸ்பேனரை அழுத்தியதும், இப்போதுதான் தான் முடுக்கியது ஒரு முனகலோடு இளகியதும், நெஞ்சுக்குக் கீழே மிளகாய் கடித்தது போலச் சுரீரென்றது. நான் மாட்டினதையா. எனக்கா. வாயிலிருந்து விழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டான். இவ்வளவு எரியுமா இது? இந்த எரிச்சலோடுதான் அவர் வாளியைக் காலி செய்து வைத்துவிட்டு நின்றாரா? அவர் அடாப்டரை வெளியே எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினார். பூபதி அந்த விரல்களையே பார்த்தான். பேஸ்ட்டைச் சுற்றிலும் தடவினேனா? தடவினேன். அடிப்பக்கம்? அப்போது அக்காவிடம் சொல்வாரா மாட்டாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிதுக்கியது ஞாபகம் இருக்கிறது, தடவியது ஞாபகம் இல்லை. சுற்றிக்கொண்டிருந்த விரல்கள் ஒரு இடத்தில் நின்றன. ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடுவாரோ, துடைத்துவிட்டுத் தானே தடவி மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாரோ என்று பூபதி இந்த நாள் முழுக்கப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தான். மச்சான் அடாப்டரை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். பேஸ்ட் இல்லாமல் பல் பளிச்சென்று தெரிந்தது, ஒரு அரிசி அகலம். “இந்தப் பக்கம் விட்டுட்ட மாப்ள.” பூபதிக்குக் காது சுட்டது. நாளைக்கு மேலே போகலாம் என்று அப்போதுதான் தோன்றியது.